பழைய கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைக்க

பழைய கணினியில் உள்ளதைத் தொலைக்காட்சியின் விசாலமான திரையில் காண விரும்புவோர், கடைக்குப் புறப்படுமுன் கணினியின் பின்புறத்தை நிதானமாகப் பார்ப்பது உசிதம்.

1. மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட, பெரும்பாலும் நீல நிறமான வி.ஜி.ஏ. துவாரம் மட்டுமே உள்ளதா, வெண்ணிற டி.வி.ஐ. துவாரமும் உள்ளதா என்று நிச்சயித்துக்கொள்ளுங்கள். டி.வி.ஐ. இருப்பின், அதிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் சாதாரண கேபிளே படத்துக்குப் போதுமானது.

2. வி.ஜி.ஏ. மட்டுமாயின், வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கன்வெர்ட்டரையே கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசையில் மாற்றும் கருவி தோற்றத்தில் இதையே ஒத்திருந்தும் இவ்விடத்தில் சிறிதும் பிரயோஜனப்படாது. வெறும் கேபிளுக்கோ அனலாக் சமிக்ஞையை டிஜிட்டலாக்கும் சக்தி கிடையாது. பணம் விரயமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

3. கன்வெர்ட்டரைக் கணினியின் வி.ஜி.ஏ. துவாரத்திலும், எச்.டி.எம்.ஐ. கேபிளால் தொலைக்காட்சியிலும் இணைத்து, அதன் யூ.எஸ்.பி. முனையைக் கணினியில் செருகுங்கள். அதற்கு மின்சாரம் அவ்வழியே கிடைக்கிறது.

4. கணினியின் பச்சைநிற ஒலித்துளையையும் கன்வெர்ட்டரையும் 3.5 மி.மீ. ஆடியோ கேபிளால் இணையுங்கள். வி.ஜி.ஏ. ஒலியைச் சுமப்பதில்லை.

5. ரிமோட்டில் உரிய எச்.டி.எம்.ஐ. எண்ணைத் தேர்ந்து, விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாயின் விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் திரை கறுத்தே இருந்தால், மானிட்டரை இணைத்து அதில் பார்த்தவாறு திரை அளவை 1024×768, 60 ஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். தொலைக்காட்சி ஏற்காத அளவில் படம் சென்றுகொண்டிருக்கக்கூடும்.