எந்த மொழி கேட்பது?

அன்புள்ள பாப்பா,

இந்திய வெளியுறவுப் பணி (ஐ.எஃப்.எஸ்.) கிடைத்த சேதியை அக்கா சொல்லி முடிப்பதற்குள் உன் மின்னஞ்சலும் வந்துவிட்டது. முசூரி, டெல்லிப் பயிற்சியெல்லாம் தானாக நடக்கும். அதற்கு என் யோசனை வேண்டாம். நீ கேட்டதற்கு வருகிறேன். கட்டாய அயல்மொழியாக எதை எழுதிக் கொடுப்பது?

அரபி.

சிரிக்காதே. கூடப் படிக்கிறவர்கள் பிரெஞ்சு என்பார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் சீனம் என்பார்கள். சீனம் நல்ல தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் தூதரக வேலை என்றால் என்னவென்று தெரிய, வளைகுடாவில் ஏதாவதொரு கான்சுலர் பிரிவில் நீ உட்கார வேண்டும்.

அங்கே ஒரு தொழிலாளி இறந்துபோகிறார் என்று வை. உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்று, போலீஸ் அனுமதி, முதலாளியின் கடிதம், குடும்பத்தின் சம்மதக் கடிதம், உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், நம் தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் சேர வேண்டும். உடல் வந்தால் போதும் என்று குடும்பம் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும். சம்பள பாக்கியை விட்டுக்கொடுப்பதாக அதில் ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவள் நீ. பாக்கியைக் கேட்டு வாங்கத் தூதரகத்துக்கு அதிகாரம் தரும் பத்திரத்தைத் தனியாக எழுதி வாங்கு. செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. நீ கோப்பு எழுதினால்தான் அது நகரும்.

வேலையிடத்திலிருந்து தப்பி வருகிறவரிடம் பாஸ்போர்ட் இருக்காது, முதலாளி வைத்திருப்பார். ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் நாம் கொடுத்துவிடலாம். சவூதியில் முதலாளி ‘ஹுரூப்’ (வேலையை விட்டு ஓடிப்போனார் என்ற புகார்) போட்டிருந்தால் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிக்கு அந்நாட்டு அரசு அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போனால் அங்குள்ள அதிகாரி அவரிடம்தான் பேசுவார், உன்னிடம் பேச மாட்டார். சிறையும் அப்படித்தான். கைதான நம் ஆளைப் பார்க்கும் உரிமையை 1963 வியன்னா உடன்படிக்கை நமக்குத் தருகிறது. ஆனால் அவர் ரேகை வைத்த வாக்குமூலம் அரபியில் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நீ படித்துச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் கெய்ரோவுக்குப் படிக்க அனுப்புவார்கள். அந்த எகிப்திய அரபி ரியாத்தில் கொஞ்சம் சினிமா வசனம் போல ஒலிக்கும், பழகிவிடும். இந்த வேலையில் விருந்துகளும் உண்டு. நின்று நின்று கால் வலிக்கும், வேறொன்றுமில்லை.

கல்யாணத்துக்கு இந்த வேலை இடைஞ்சலாகுமே என்று அக்கா என்னிடம் புலம்பினாள். சென்னையில் படித்த குடகுப் பெண் சி.பி. முத்தம்மா 1949-ல் இந்தப் பணியில் சேர்ந்தபோது, மணமானால் ராஜினாமா செய்வதாகப் பெண்களிடம் எழுதி வாங்கும் காலம். பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். இன்று உன்னிடம் யாரும் அப்படி எழுதி வாங்க முடியாது. அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ அரபியை முதலில் எழுது, இரண்டாவதாக எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

அன்புடன்,
மாமா