மலைமேல் விண்மீன் பார்க்கப் போகிறீர்களா?

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் விண்கல் மழை உச்சத்தில் இருக்கும். காவலூர் வானாய்வகம் இருக்கிற ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை என்று நகர வெளிச்சம் எட்டாத இடம் தேடிக் கூட்டமாகக் கிளம்புவோம். கும்மிருட்டில் யார் எங்கே நிற்கிறார் என்பது ஏற்பாடு செய்தவருக்கே தெரியாது. தன்னையும் பக்கத்தில் இருப்பவரையும் அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. பொழுது சாயுமுன் போய்ச் சேர்ந்து, உட்காரப்போகும் இடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நம் வயற்காட்டுக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நகர்கிறவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. கிணறு, பாறை விளிம்பு உள்ள பக்கம் கயிறு கட்டி வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள்.

2. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். பட்டா நிலமானால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

3. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு போன் வெளிச்சம் போதும், அத்தனையும் வீண். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒதுங்கப் புதர்ப்பக்கம் போகும்போது வெள்ளை வெளிச்சமே வேண்டும். "லைட் போடுறேன், கண்ணை மூடிக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, தரையை நோக்கி அடித்தபடி நடங்கள். கால் வைக்கிற இடம் தெரிவதுதான் முக்கியம்.

4. வெறும் தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. கயிற்றுக் கட்டில், மடக்குக் கட்டில் நல்லது. இல்லாவிட்டால் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையாவது வேண்டும். கழற்றிய ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும். யாருக்காவது வயிற்றுவலி வந்தாலோ, இமை தானாகச் சொருகினாலோ, கடிவாய் தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. 108-ஐ அழையுங்கள், நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து பக்கத்தில் எங்கே இருக்கிறது, செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைக் கிளம்புமுன்பே விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

5. நட்சத்திரம் காட்டும் பச்சை லேசரைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஆள் மீதும் விமானம் மீதும் அந்தக் கதிர் படக்கூடாது.

6. தொலைநோக்கியின் முக்காலி இருட்டில் காலைத் தட்டிவிடும். மூன்று கால்களிலும் வெள்ளை நாடா சுற்றுங்கள். விடியும்வரை இருப்பதானால், சூரியன் எழுமுன் மூடியைப் போட்டுவிடுங்கள். தொலைநோக்கி வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும்.

7. டிசம்பர் குளிருக்குக் கம்பளியும் பிளாஸ்கில் சுக்குக் காபியும் போதும். கூடாரத்துக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள். அந்தப் புகை தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மது வேண்டவே வேண்டாம்.

8. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரவெல்லாம் கண்விழித்தவர் அதில் வண்டியை இறக்கக்கூடாது. விடிந்தபின் வண்டி ஓட்டுபவர் நன்றாகத் தூங்கி எழட்டும். தயவுசெய்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.