அயலார் விருந்தில் உணவு நெறி

நம் வீட்டு அடுப்பில் உணவு நெறியைக் காப்பது பழக்கத்தால் எளிதாகிவிடுகிறது. பிறர் சமைத்துப் படைக்கும் இடத்தில் அதனைக் காப்பது எங்ஙனம் என்பதே இவ்விதழின் பாடம். நமக்கு நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

நிகழ்ச்சி

நம் பெயரன் சிங்கப்பூரில் பணியாற்றுகிறான். அவனைக் காணச் சென்றிருந்தபோது, உயர்தர விடுதி ஒன்றினுள் அமைந்த இத்தாலிய உணவகத்தில் நமக்கு விருந்தளிக்க விரும்பினான். "இருட்டிய பிறகு நீங்கள் சாப்பிட மாட்டீர்களே ஆயா, பகலிலேயே போவோம்" என்று அவனே நினைவுகூர்ந்தது நமக்கு மகிழ்ச்சி அளித்தது.

வெண்துணி விரித்த மேசை. விசிறிபோல் மடித்த கைத்துண்டு. ஓசையின்றி நடமாடும் பணியாளர். உணவுப்பட்டியலில் சைவக் குறியிட்ட பாஸ்தா ஒன்றைத் தேர்ந்து, வெங்காயமும் பூண்டும் இன்றித் தருமாறு வேண்டினோம். தக்காளியும் துளசியினத்து இலையும் சேர்த்த அவ்வுணவு வந்தது. பணியாளர் மேசையருகே நின்று, பாலாடைக்கட்டி ஒன்றை அதன்மேல் துருவித் தூவினார். பெயரன் இரண்டு வாய் உண்ட பின்னரே அது எதனால் உறைந்தது என்று கேட்கத் தோன்றிற்று. பணியாளர் அறியார், தலைமைச் சமையற்காரரை அழைத்து வந்தார். அவர் ஒளிக்காமல், "இது இத்தாலியிலிருந்து வரும் பர்மிஜானோ. கன்றின் இரைப்பைச் சாற்றால் உறையவைப்பது" என்றார்.

பெயரன் முட்கரண்டியைக் கீழே வைத்தான். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "மூன்று நாள் முன்பு இன்னொரு கடையில் இதே சீஸைத்தானே சாப்பிட்டோம்? சைவம் என்று போட்டிருக்கிறது, சாப்பிடு என்று நீங்கள்தானே ஆயா சொன்னீர்கள்?" என்றான்.

அவன் கூறியது உண்மை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு, "ஐயம் இருப்பின் வினவுக" என்று கற்பித்த நாம், அன்று வினவவில்லை. பசியும், பலர் நடுவே கேட்பதற்கு இருந்த கூச்சமுமே காரணம். "என் பிழைதான் தம்பி" என்று ஒப்புக்கொண்டோம். சமையற்காரர் வேறு தட்டில், ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் மட்டும் சேர்த்துப் புதிதாகச் சமைத்துத் தந்தார். அன்றிரவு தியானத்தில் இருவரும் அப்பிழைக்காக வருந்தி, இனி வினவாது உண்பதில்லை என உறுதிகொண்டோம்.

பால் உறையும் முறை

நாம் தயிரைப் பிரைமோரால் உறையவைக்கிறோம். பன்னீருக்கு எலுமிச்சைச் சாறு விடுகிறோம். ஐரோப்பியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றிற்கு ரென்னெட் என்னும் பொருளைச் சேர்ப்பர். பால் மறவாத கன்றைக் கொன்று, அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பதே பழைய ரென்னெட். பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் பெயரில் விற்க வேண்டுமாயின் கன்றின் ரென்னெட்டே சேர்த்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஏறத்தாழ 550 லிட்டர் பாலிலிருந்து 40 கிலோ எடையுள்ள ஒரு கட்டி உருவாகிறது. அது குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். கிரானா படானோவிலும் இவ்வாறே விலங்கின் ரென்னெட் சேர்கிறது.

பூஞ்சையிலிருந்து பெறும் உறைபொருளும் உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய உறைபொருளுக்கு அமெரிக்க அரசு 1990-இல் ஒப்புதல் அளித்தது. ஆகவே எல்லாப் பாலாடைக்கட்டியும் விலக்கன்று; வினவி அறிய வேண்டியதே கடமை.

பட்டியலைப் படிக்கும் முறை

இத்தாலிய விருந்து வரிசையாக வரும். முன்னுணவு 'அந்திபாஸ்தோ', முதலுணவு 'பிரீமோ', புலாலும் மீனும் பெரிதும் இடம்பெறும் இரண்டாம் உணவு 'செகோந்தோ', இனிப்பு 'தோல்சே'. இவற்றுள் நாம் நோக்க வேண்டியவை:

1. பாஸ்தா: உலர்ந்த வகை பெரும்பாலும் கோதுமை ரவையும் நீருமே. 'புதிய பாஸ்தா' எனில் முட்டை சேர்ந்திருக்கக்கூடும்.

2. நியோக்கி: பெரும்பாலும் உருளைக்கிழங்கால் ஆவது.

3. ரிசோட்டோ: அரிசி உணவே எனினும் இறைச்சி வேகவைத்த நீரும் திராட்சை மதுவும் சேர்வது வழக்கம்.

4. பெஸ்டோ: பூண்டும் பாலாடைக்கட்டியும் அரைத்துச் சேர்ப்பது.

5. டிராமிசு: முட்டை சேர்வது, மதுவும் சேர்வதுண்டு. இதில் வரும் மாஸ்கர்போனே, புளிப்பால் திரிவதாகலின் ரென்னெட் அற்றது.

6. பன்னா கோட்டா: பாலேடுதானே என்று எண்ணற்க. உறைவிப்பது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்.

7. அத்திப்பழமும் தேனும்: முன்னுணவுத் தட்டில் அழகாக வரும். இரண்டும் மூலகுணம் பேணுவோர் விலக்குவன.

நம் நாட்டில் பொதிந்து விற்கும் உணவுகளுக்குப் பச்சைப் புள்ளி உண்டு. அது புலால், மீன், முட்டை இல்லை என்பதைக் காட்டும். கிழங்கையும் பூண்டையும் பற்றி ஒன்றும் கூறாது. குறி உதவும், ஆயினும் நம் நெறி முழுவதையும் அது அறியாது.

வினவும் முறை

மேசைக்கு உணவு வருமுன் வினவுக. "சைவமா?" என்று மட்டும் கேட்டால் "ஆம்" என்றே விடை வரும். "கன்றின் ரென்னெட் உண்டா? முட்டை, மது, மீன் உண்டா? வேகவைத்த நீர் எது?" எனத் தனித்தனியே கேட்க வேண்டும். இயன்றால் முதல்நாளே தொலைபேசியில் கூறிவிடுதல் நன்று. பணியாளரைக் கடிந்துகொள்ளலாகாது. வன்சொல்லும் ஓர் இம்சையே அன்றோ!

நம் குடும்பங்களில் கிழங்கை என்றும் விலக்குவோர் உளர்; அட்டமி, சதுர்த்தசியில் மட்டும் விலக்குவோரும் உளர். ஒரே மேசையில் அமர்ந்து ஒருவர் தட்டை மற்றவர் இகழ்தல் வேண்டா. தம் விரதத்தைத் தாம் காப்பதே முறை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் தொலைவில் பணிபுரியும் காலம் இது. "வெளியில் உண்ணாதே" என்று தடுத்தால், நாம் அறியாமல் உண்பர். கேட்கக் கற்பித்தால், நாம் இல்லாத இடத்திலும் கேட்பர். நாம் தவறியபோது அதனை அவர்முன் ஒப்புக்கொண்டால், அவரும் தம் தவற்றை நம்மிடம் மறைக்கமாட்டார்.

பயிற்சி வினாக்கள்

1. பன்னீரும் பர்மிஜானோவும் உறையும் முறையில் உள்ள வேறுபாடு யாது?

2. "சைவமா?" என்னும் வினா ஏன் போதாது?

3. அறியாமல் உண்டதற்கும், கூச்சத்தால் வினவாமல் உண்டதற்கும் வேறுபாடு உண்டா? வீட்டில் பெரியோருடன் கலந்து உரையாடுக.