புலன் நுண்மையும் பெற்றோர் குரலும்

உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்துரைப்பது தொல்காப்பிய மரபியல். மெய்யை முதலாகக் கொண்டு நா, மூக்கு, கண், செவி என வளர்த்து, மனத்தை ஆறாவதாக அது வைத்தமை நாம் அறிந்ததே. எனினும் ஒரே பொறி எல்லார்க்கும் ஒரே அளவில் உணர்த்துவதில்லை என்பதை வகுப்பறையில் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைத் துறையில் ஆய்ந்த ஜீன் அயர்ஸ் (1920–1988), புலனுணர்வு ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை 1972இல் நூலாக வெளியிட்டார். ஐம்புலன்களோடு உடலின் சமநிலையை அறியும் உணர்வையும், தசை, மூட்டுகளின் வழி உடலின் நிலையை அறியும் உணர்வையும் அவர் சேர்த்து ஆராய்ந்தார். இவ்வுணர்வுகளை ஒழுங்குபடுத்த இயலாத குழந்தைக்குப் பள்ளி மணி இடியாகும். சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டு முள்ளாகும். வேறு சில குழந்தைகளோ ஓயாது குதித்தும் சுழன்றும் உணர்வைத் தேடுவர். ஆட்டிசம் உடையோரிடம் இது பெரிதும் காணப்படும், பிறரிடமும் காணப்படலாம்.

காதைப் பொத்திக்கொள்ளும் இக்குழந்தையை நாம் 'அடங்காதவன்' என்கிறோம், அடிக்கிறோம். 'வேறு பள்ளி பாருங்கள்' என்னும் ஒரு சொல்லில் அவன் கல்வியே முடிந்துவிடக் கூடும். ஆகவே அவனுக்காகப் பெற்றோர் பேசியாக வேண்டும், தலைகுனிந்தன்று, தெளிவோடு.

சட்டம் தரும் துணை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்தலையும், அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகள் செய்தலையும் அதன் 16ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. புலனுணர்வுச் சிக்கல் தனியொரு வகையாக அப்பட்டியலில் இல்லை. எனவே தம் குழந்தையின் மருத்துவச் சான்று எதனைக் குறிக்கிறது என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நன்று. சான்று இல்லாவிடினும் கேட்கத் தடையில்லை, நல்லாசிரியர் செவிசாய்ப்பார்.

கேட்கும் முறை

முதலாவது, குறிப்பெடுத்தல். குழந்தை எப்போது, எவ்விடத்தில் கலங்கினான், அதற்குமுன் நிகழ்ந்தது யாது, எதனால் அமைதியுற்றான் என இரு வாரம் எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, சிறியதாகவும் திட்டமாகவும் கேட்டல். 'என் மகனைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பது இரத்தல். 'மணி அடிக்குமுன் இவனிடம் சொல்லிவிடுங்கள். வாயிலுக்கும் சன்னலுக்கும் விலகிய இடத்தில் அமர்த்துங்கள். இருக்க முடியாதபோது நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துவரும் வேலை கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பேசுவோம்' என்பது வழிகாட்டல். பின்னதில் ஆசிரியர் செய்யத்தக்கது உண்டு. செய்ததன் பயனை அளந்தறியவும் இயலும்.

மூன்றாவது, எழுத்து. பேசியதைக் கடிதமாக்கித் தலைமையாசிரியரிடம் அளித்து, படியில் ஒப்புகைக் கையெழுத்துப் பெறுக. ஆண்டுதோறும் வகுப்பாசிரியர் மாறுவர்; கடிதம் நிற்கும்.

துணிவு என்பது உரத்த குரலன்று. தன் குழந்தையைப் பற்றித் தன்னினும் நன்கறிந்தார் அவ்வறையில் இல்லை என்னும் தெளிவே துணிவு. அத்தெளிவைக் குறிப்பேடு தரும்.

நம் மாணாக்கருள் பலர் நாளை ஆசிரியராவர். கையில் கடிதத்தோடு ஒரு தாய் வந்து நின்றால், முதலில் அவரை அமரச் செய்து, கடிதத்தை முழுவதும் படியுங்கள். அவ்வளவில் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.