தாய்மொழி எழுத்தும் ஆங்கில வாசிப்பும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்திலே, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் லேபிள்களில் ஆங்கில எழுத்துக்களைக் காணாத சிறுவர் அரியர். பள்ளியில் அடிவைக்குமுன்னரே அவற்றின் உருவம் அவர்தம் கண்ணுக்குப் பழகிவிடுகின்றது. ஆயினும், வீட்டிலும் வீதியிலும் தமிழே வழங்குதலின், கண்ட எழுத்தை ஒலியாக்கவும், ஒலித்த சொல்லின் பொருளை உணரவும் அவர் இடர்ப்படுகின்றனர். இவ்விடர் நீங்கும் வழி யாது?

தமிழை ஒதுக்கினால் ஆங்கிலம் விரைந்து வரும் என்பார் சிலர். அது பொருந்தாது. முதன்மொழியில் பெற்ற திறன் இரண்டாம் மொழிக்கும் துணையாகும் என்று கானடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் என்பார் 1979-இல் விளக்கினார். எழுத்து ஒலியைக் குறிக்கும் என்னும் அறிவை ஒருமுறை பெற்ற குழந்தை, மறுமொழிக்கென அதனை மீண்டும் பெறவேண்டுவதில்லை.

இதனை நம் நெடுங்கணக்கைக் கொண்டே காட்டலாம். 'பெ' என்பது ப், எ என்னும் இரண்டன் சேர்க்கை என்று உயிர்மெய்ப் பாடத்திலே குழந்தை கற்கின்றது. அக்குழந்தைக்கு, 'பென்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூன்றெழுத்துக்களையும் மூன்றொலிகளாகப் பிரித்துக் கூட்டுதல் அரிதன்று. இனி, ஆங்கிலத்துச் 'சி' என்னும் எழுத்து, பூனையைக் குறிக்கும் 'கேட்' என்பதில் ககரமாகவும், நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி' என்பதில் ஸகரமாகவும் ஒலித்தல் கண்டு மாணாக்கர் மயங்குவர். "கடல், தங்கம், அகம் என்னும் மூன்றிலும் ககரம் ஒரே தன்மையாகவா ஒலிக்கின்றது?" என்று ஆசிரியர் வினவுவாராக. இடம் நோக்கி ஒலி வேறுபடுதல் அவர்க்குப் புதிதன்று என்பது விளங்கும். பின்னர், 'ஈ', 'ஐ', 'ஒய்' என்னும் எழுத்துக்கள் அடுத்துவரின் 'சி' பெரும்பாலும் ஸகரமாம் என்னும் விதியைக் கூறின், எளிதில் மனங்கொள்வர்.

எனினும், ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. ஒலிகளோ நாற்பதுக்கு மேற்பட்டன. ஆதலின் விதி ஒன்றே போதாது. சொல்லை முதலிற் செவியாற் கேட்டு, வாயாற் பேசி, பொருளைத் தமிழால் உணர்ந்து, அதன்பின்னரே எழுத்திற் காணுதல் வேண்டும். நம் மாகாணத்துப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்றிலும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அரும்பை மலரெனக் கொண்டு பாடம் நடத்துதல் வீண்முயற்சியன்றோ?

நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், ஒரு குழந்தையின் அருகமர்ந்து ஒரு பட்டாசு லேபிளைப் படிப்பியுங்கள். எட்ட நின்று கொளுத்துக என்னும் எச்சரிக்கை அதில் ஆங்கிலத்தில் இருப்பின், எழுத்தை ஒலித்தும் பொருளறியாத குழந்தைக்கு அது வெறுங்கோலமே. அதன் பொருளைக் குழந்தை தன் தமிழிற் கூறும்வரை நீங்கள் எழாதிருப்பீராக.