தொழில் கற்போம்: கேமராவும் லென்ஸும் ஒத்துப் போகிறதா?



தையல், ஊறுகாய், பால்மாடு என்று தொழில் செய்து வந்த நம் குழுக்களில் இன்று போட்டோ, வீடியோ தொழிலைக் கையில் எடுத்திருக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று அழைப்பு வருகிறது. அவர்களுக்காகவும், இனி இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்காகவும் இந்த மாதப் பாடம்.

விசேஷம் முடிந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். பொண்ணோட கண் மங்கலாக இருக்கிறது. காதில் ஆடும் ஜிமிக்கி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கை ஆடவில்லை, வெளிச்சமும் போதுமானது. அப்புறம் ஏன் இப்படி? 'லென்ஸ் கெட்டுப் போச்சு, புதுசு வாங்கணும்' என்று உடனே உள்கடன் கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. லென்ஸும் நன்றாக இருக்கலாம், கேமராவும் நன்றாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே அளவு ஒத்துப் போகாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம், அரை நாள் போதும்.

ஏன் இப்படி ஆகிறது?

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது மேலே, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. மீதி வெளிச்சம் அதன் பின்னால் உள்ள சின்னக் கண்ணாடியில் பட்டு, கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. 'இவ்வளவு நகரு' என்று லென்ஸுக்குச் சொல்வது இந்த சென்சார்தான். பட்டனை முழுதாக அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். படம் பதிவதோ பின்னால் இருக்கும் வேறொரு சென்சாரில்.

ஒரு டேப்பில் அளவெடுத்து, வேறொரு டேப்பில் துணி வெட்டின மாதிரிதான் இது. இரண்டு டேப்புக்கும் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் ஜாக்கெட் பிடிக்கும். நாம் குறி வைத்த இடத்துக்குப் பின்னால் கூர்மை விழுந்தால் அது 'பேக் ஃபோகஸ்'. முன்னால் விழுந்தால் 'ஃப்ரண்ட் ஃபோகஸ்'.

50 எம்.எம். லென்ஸில் எஃப் 1.8 வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் கேமராவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 6 செ.மீ. தான். அதனால் சின்ன வித்தியாசமும் கண்ணை விட்டு ஜிமிக்கிக்குப் போய்விடும். எஃப் 8 வைத்து எடுக்கும் குரூப் போட்டோவில் இந்தக் குறை தெரியாமல் மறைந்துவிடும்.

மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரே பொருளை இரண்டு விதமாக எடுங்கள். ஒன்று, வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து. இன்னொன்று, லைவ் வியூ போட்டுத் திரையில் பார்த்து. (லைவ் வியூவில் 'குயிக்' என்ற முறை இருந்தால் அது வேண்டாம். அது பழைய ஃபோகஸ் சென்சாரையே பயன்படுத்தும்.)

- லைவ் வியூ படம் கூர்மை, வியூஃபைண்டர் படம் மங்கல் என்றால் அளவு ஒத்துப் போகவில்லை. இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.
- இரண்டுமே மங்கல் என்றால் லென்ஸில் அழுக்கோ பூஞ்சையோ பழுதோ இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
- இரண்டுமே கூர்மை என்றால் கருவியில் குறை இல்லை. ஷட்டர் வேகம், ஃபோகஸ் புள்ளி வைக்கும் இடம் ஆகியவற்றில் நாம் பழக வேண்டும்.

சோதனைக்குத் தேவையானவை

ஸ்டாண்டு, எழுத்து தெளிவாக அச்சான ஒரு கெட்டி அட்டை (பழைய கல்யாணப் பத்திரிகை போதும்), இரண்டடி நீளப் பலகை, தையல் டேப். செலவே இல்லை பாருங்க.

செய்முறை

1. பகல் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். பேட்டரி முழுதாக இருக்கட்டும்.

2. அட்டையை லென்ஸின் உயரத்தில், கேமராவுக்கு நேர் எதிரே, சாயாமல் நிறுத்துங்கள். பலகையில் டேப்பை ஒட்டி, அட்டையின் பக்கத்தில் சரிவாக வையுங்கள். பலகையின் கீழ் முனை கேமரா பக்கம், மேல் முனை தள்ளி இருக்கட்டும். டேப்பின் நடு எண் அட்டையின் முகத்துக்கு நேராக வர வேண்டும்.

3. தூரம்: லென்ஸ் எண்ணைப் போல் 25 முதல் 50 மடங்கு வரை வைக்கலாம். 50 எம்.எம். என்றால் ஒன்றேகால் முதல் இரண்டரை மீட்டர். நாம் வழக்கமாக நின்று எடுக்கும் தூரம் அதற்குள் இருந்தால் அதையே வையுங்கள்.

4. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேனனில் 'ஒன் ஷாட்', நிகானில் 'ஏஎஃப்-எஸ்' வையுங்கள். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். டைமரில் எடுங்கள்.

5. புள்ளியை அட்டை மேல் வைத்து 5 படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் லென்ஸை 'எம்எஃப்'புக்கு மாற்றி, வளையத்தை ஒரு கோடிக்குத் திருப்பி, மறுபடி 'ஏஎஃப்'புக்குக் கொண்டு வந்து புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள்.

6. கம்ப்யூட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கி, டேப்பில் எந்த எண் அதிகக் கூர்மை என்று பாருங்கள். கேமராவின் சின்னத் திரையை நம்ப வேண்டாம். ஐந்தில் ஒன்று மட்டும் தனியாக விலகி இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் இது அளவுக் கோளாறு இல்லை, மெக்கானிக் பார்க்க வேண்டியது.

7. திருத்தும் இடம் கேனனில் 'ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்', நிகானில் 'ஏஎஃப் ஃபைன் ட்யூன்'. 2007-ல் கேனன் 1டி மார்க் 3, நிகான் டி3, டி300 கேமராக்களில் இந்த வசதி வந்தது. அளவு மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை. கூர்மை பின்னால் விழுந்தால் மைனஸ், முன்னால் விழுந்தால் பிளஸ். முதலில் 5 வைத்து, மறுபடி 5 படம் எடுங்கள். பிறகு கூட்டிக் குறைத்து நடு எண்ணுக்குக் கொண்டு வாருங்கள்.

8. எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவு வைக்காமல், லென்ஸ் வாரியாக வையுங்கள். அந்த லென்ஸை மாட்டும்போது கேமராவே தன் கணக்கை எடுத்துக்கொள்ளும். ஒருத்தி லென்ஸை இன்னொருத்தி கேமராவில் மாட்டினால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கவனத்தில் கொள்ளுங்கள்

ஜூம் லென்ஸில் இரண்டு முனையும் வேறு வேறாக இருக்கலாம். கேனன் 5டி மார்க் 3 (2012) போன்றவற்றில் இரண்டு முனைக்கும் தனி அளவு கொடுக்கலாம். ஒரே அளவுதான் முடியும் என்றால், நாம் அதிகம் பயன்படுத்தும் முனைக்குச் சரிசெய்யுங்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் ஃபோகஸ் சற்று மாறக்கூடும். அங்கேயும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

எல்லாக் கேமராவிலும் இந்த வசதி கிடையாது. கேனன் 70டி, 80டி, 6டி, நிகான் டி7100, டி7200, டி750 ஆகியவற்றில் உண்டு. கேனன் 60டி, 1300டி, 1500டி, நிகான் டி90, டி3500, டி5600 ஆகியவற்றில் இல்லை. இல்லாதவர்கள் முக்கியமான முகப் படங்களை லைவ் வியூவில் எடுக்கலாம், அல்லது எஃப் 4 வைத்து எடுக்கலாம். சர்வீஸ் சென்டருக்குக் கொடுப்பதாக இருந்தால் கேமரா, லென்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் இரண்டும் பொருந்துகிறதா என்று அவர்களால் பார்க்க முடியாது.

பழைய லென்ஸ் வாங்கப் போகும் சகோதரிகள் பணம் கொடுக்கும் முன் சொந்தக் கேமராவில் மாட்டி லைவ் வியூ சோதனை செய்துவிடுங்கள். குழு கடன் கொடுக்கும் முன் ஊக்குநர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: "சோதிச்சுப் பாத்தியாம்மா?"

தாலி கட்டுகிற நேரம் ஒரு தடவைதான். 'இன்னொரு தரம் கட்டுங்க' என்று யாரிடமும் கேட்க முடியாது. படம் மங்கினால் போவது ஒரு நாள் கூலி மட்டுமல்ல. அந்தத் தெருவில் அடுத்த விசேஷத்துக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள். விசேஷத்துக்கு முந்தின வாரமே அரை நாள் ஒதுக்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. பேக் ஃபோகஸ் என்றால் எந்தப் பக்கம் திருத்த வேண்டும்?
2. லைவ் வியூவிலும் மங்கலாக இருந்தால் என்ன பொருள்?
3. நம் குழுவில் உள்ள கேமராக்களில் எதெதில் திருத்தும் வசதி இருக்கிறது? பட்டியல் எடுத்து, லென்ஸ் வாரியான அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.