கரையை ஒட்டிப் போகிற படகு

அமேசானில் படகில் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தத் திசையில் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலானவர்கள் மனாவுஸ் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ஆற்றோட்டத்தோடு கடல் பக்கம் இருக்கும் பெலெமுக்கு இறங்குவதாகத் திட்டம் வைத்திருப்பார்கள். நாலு நாளில் வேலை முடிந்துவிடும் என்று கணக்கு. அதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பேன். பெலெமில் ஏறி மேலே போக ஐந்தாறு நாள் ஆகும். ஆகட்டும்.

கீழே வரும் படகு நீரோட்டத்தின் பலத்தைப் பிடித்துக்கொள்ள நடு ஆற்றில் வரும். அமேசான் பல இடங்களில் பல கிலோமீட்டர் அகலம். நடுவிலிருந்து பார்த்தால் கரை வெறும் பச்சைக் கோடு; நாள் முழுக்க அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். மேலே போகிற படகுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஓட்டம் குறைந்த தண்ணீரைத் தேடி அது கரையை ஒட்டியே ஊர்ந்தாக வேண்டும். கால்கள் நட்டுக் கட்டிய மர வீடுகள், துணி காயும் கொடி, படித்துறையில் மீன் கழுவுகிற பெண், நம்மைப் பார்த்துக் குரைக்கும் நாய் எல்லாம் பக்கத்தில் வந்து போகும். படகுக்கு இருக்கிற கஷ்டம் நமக்கு லாபம்.

பெலெமிலிருந்து மனாவுஸ் ஆற்று வழியில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இரண்டு ஊர்களையும் நேராக இணைக்கும் சாலை இல்லை. ஆகவே இந்தப் படகுகள் சுற்றுலாவுக்காக ஓடுபவை அல்ல. அங்குள்ளவர்களுக்குப் பஸ்ஸும் லாரியும் இவைதான். அடித்தளத்தில் வெங்காய மூட்டை, தக்காளிப் பெட்டி, மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ். அதற்கு மேல்தளத்தில் வரிசையாகத் தூளிகள். உச்சியில் சில அறைகளும் காதைப் பிளக்கும் பாட்டோடு ஒரு சின்ன பாரும்.

அறை எடுக்காதீர்கள். தூளிதான் சரி. பெலெமின் வெர்-ஒ-பெசு சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் நல்ல பருத்தித் தூளி கிடைக்கும். அதோடு இரண்டு கயிறும் கேட்டு வாங்குங்கள், தூளியோடு கயிறு வராது. மாலையில் கிளம்பும் படகுக்கு மதியமே போய் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் இடம் முன்பதிவு கிடையாது, கட்டியவருக்குத்தான் கொக்கி. பின்பக்கம் எஞ்சின் சூடு, சத்தம், கழிவறை. முன்பக்கம் காற்று அருமை, ஆனால் மழை சாய்ந்தடித்தால் முதலில் நனைவது நீங்கள்தான். நடுவிலிருந்து கொஞ்சம் முன்னால், இரவு முழுக்க எரியும் விளக்குக்கு நேர் கீழே இல்லாத இடமாகப் பாருங்கள். கட்டுவதற்கு முன் தலைக்கு மேலே உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் எங்கே செருகியிருக்கின்றன என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தூளியில் நேராகப் படுத்தால் காலையில் முதுகு நிமிராது. குறுக்காக, மூலைவாட்டில் படுக்க வேண்டும்; அப்போது துணி தட்டையாகி உடம்பு நேராக இருக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்துத் தூளிப் பாட்டி. நான் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, “மகனே, நீ என்ன இறாலா?” என்று கேட்டு, காலைப் பிடித்து இழுத்து நேராக்கினார். ஒரு போர்வையும் வேண்டும். பூமத்திய ரேகைப் பக்கம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ஓடும் படகில் பின்னிரவுக் காற்று நன்றாகவே குளிரும்.

இரண்டு சின்ன விஷயங்கள். மின்சாரப் பிளக் பாயிண்டுகள் கொஞ்சமே இருக்கும். நாலு வாய் உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையில் இருந்தால் மொழி தெரியாமலே தளம் முழுக்க நட்பு கிடைத்துவிடும். இன்னொன்று காசு. பிரேசிலில் 2020க்குப் பிறகு பிக்ஸ் என்ற செல்பேசிப் பணப் பரிமாற்றம்தான் எங்கும்; ஆற்றங்கரை டீக்கடைக்காரர்கூட அதைத்தான் நீட்டுவார். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது எளிதில் வாய்க்காது. சில்லறை நோட்டாக ரியால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே ப்ரெவெஸ் கால்வாய்கள் வரும். மராஜோ தீவின் மேற்குப் பக்கமாக ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிற இடம். மொத்தப் பயணத்திலும் கரை இவ்வளவு நெருங்கி வருவது இங்கேதான். இருபுறமும் அசாயிப் பனைகள். சிறுவர்கள் வள்ளத்தில் துடுப்புப் போட்டு வந்து, ஓடுகிற படகின் பக்கவாட்டில் கொக்கியை மாட்டி, ஏறி வந்து அவித்த இறாலும் பனங்குருத்தும் விற்பார்கள். விற்று முடித்ததும் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பயணிகள் சிலர் பழைய துணி, பிஸ்கட் இவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டித் தண்ணீரில் வீச, வள்ளங்கள் விரைந்து வந்து எடுத்துக்கொள்ளும். இது உள்ளூர்க்காரர்களுக்குள் நெடுநாளாக இருக்கிற பழக்கம். வெளியூர்க்காரர்கள் அதைக் கேமராவில் பிடிப்பதற்காகவே பை வீசுவதையும் பார்த்தேன்; எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் இறாலை விலை கொடுத்து வாங்கித் தின்னுங்கள், உப்பும் சுவையும் சரியாக இருக்கும்.

சாப்பாடு என்றதும் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். சோறு, பீன்ஸ், கொஞ்சம் ஸ்பாகெட்டி, ஒரு துண்டு கோழி அல்லது மாட்டிறைச்சி, இதுதான் தினமும். சைவக்காரர்கள் பீன்ஸில் இறைச்சித் துண்டு கிடக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தட்டின் ஓரத்தில் ஒரு டப்பா இருக்கும், அதில் மஞ்சளாய்ப் பொரபொரவென்று ஃபரீன்யா. மரச்சீனி மாவுதான், வறுத்தது. நான் குலசேகரம் பக்கம் வளர்ந்தவன். மரச்சீனி அவியலும் மீன்கறியும் தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த டப்பா போதும். அந்தக் கிழங்கின் சொந்த மண் இந்தக் கண்டம்தான். போர்த்துகீசியரோடு கடல் தாண்டி வந்தது. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பஞ்சத்துக்கு உதவும் பயிராகப் பரப்பினார். நாம் கிழங்கை அவித்துத் தண்ணீரைக் கொட்டுகிறோம். இவர்கள் கசப்பு மரச்சீனியைத் துருவிப் பிழிந்து, வறுத்து மாவாக்குகிறார்கள்; பிழிந்த நஞ்சுள்ள சாற்றையும் விடுவதில்லை, நன்றாகக் காய்ச்சி துக்குபி என்று குழம்புக்குச் சேர்க்கிறார்கள். பெலெமிலும் சாந்தாரெமிலும் சாயங்காலம் தெருவோரம் தக்கக்கா என்ற சூப் விற்பார்கள். துக்குபியும் காய்ந்த இறாலும், நாக்கை மரத்துப்போக வைக்கும் ஜம்பு கீரையும் சேர்ந்தது, குடுக்கையில் ஊற்றித் தருவார்கள். கட்டாயம் குடியுங்கள். படகின் குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள். குடிக்கப் பெரிய பாட்டில்களாக ஏற்றிக்கொள்வதே நல்லது.

ஊர்களில் இறங்குவதைப் பற்றி. பெலெமிலிருந்து மனாவுஸ் வரை ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு, நடுவில் நாலு நாள் தங்கி, அதே டிக்கெட்டில் வேறு படகு ஏறலாம் என்று நம்ப வேண்டாம். துண்டு துண்டாக வாங்குங்கள், துறைமுகக் கட்டடத்துக்குள் உள்ள கவுண்டரில். வாசலில் சட்டையைப் பிடிப்பவர்களிடம் வேண்டாம். ஒரு ஊரில் இறங்கியதும், விடுதி தேடுவதற்கு முன்னால், அடுத்த படகு எந்த நாள் என்று துறையிலேயே விசாரியுங்கள். சின்ன ஊர்களுக்குத் தினமும் படகு வராது. வந்தாலும் நடுராத்திரி வரும். துறைக்குப் பக்கத்தில் தங்குவது, விடுதி சுமாராக இருந்தாலும், தூக்கத்துக்கு நல்லது. படகு சரக்கு இறக்க நிற்கும்போது ஊருக்குள் போய் வர ஆசை வரும். போகலாம், ஆனால் எவ்வளவு நேரம் என்று பயணியிடம் கேட்காமல், மூட்டை இறக்கும் ஆட்களைக் கேளுங்கள். இன்னும் எத்தனை மூட்டை பாக்கி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மோன்ச்சி அலெக்ரி அப்படியொரு ஊர். பெரும்பாலான பயணிகள் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவார்கள். ஊருக்கு வெளியே மலைப் பாறைகளில் ஓவியங்கள் உள்ளன. அங்குள்ள பெத்ரா பிந்தாதா குகையில் அகழாய்வு செய்த அன்னா ரூஸ்வெல்ட், 11,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் வாழ்ந்ததற்கான சான்றுகளை 1996இல் வெளியிட்டார். அமேசான் காட்டில் அவ்வளவு பழைய காலத்திலேயே மனிதர்கள் வாழ்ந்திருக்க முடியாது என்ற எண்ணத்தை அது அசைத்தது. மண்சாலை, ஜீப், உள்ளூர் வழிகாட்டி மூன்றும் வேண்டும். விடியுமுன் கிளம்பாவிட்டால் வெயில் ஆளைச் சாய்த்துவிடும்.

சாந்தாரெமில் நிறைய நாள் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த தபஜோஸ் ஆறு, சேற்று நிற அமேசானோடு சேர்வது ஊரின் முன்னாலேயே. அல்தெர் தோ ஷாவ்ன் என்ற கடற்கரை போன்ற ஆற்றங்கரை சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில். ஆனால் மாதம் பார்த்துப் போக வேண்டும். ஆகஸ்ட் வாக்கில்தான் மணல் வெளியே தெரியத் தொடங்கும். மே, ஜூனில் போனால் மணலெல்லாம் தண்ணீருக்கு அடியில்.

எனக்குத் தபஜோஸ் வேறு காரணத்துக்காக முக்கியம். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் இந்த ஆற்றங்கரைக் காடுகளிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி, ‘அமேசானாஸ்’ என்ற கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 2,700 சொச்சம். அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. தமிழர்கள் கூட்டம் கூட்டமாக மலாயாத் தோட்டங்களுக்குப் பால் வெட்டப் போனதும், எங்கள் ஊர் மலையடிவாரத்தில் விடியற்காலையில் சிரட்டையோடு மரம் மரமாக நடப்பதும் அந்த விதைகளின் வழி வந்தவைதான். அதே ஆற்றங்கரையில் 1928இல் ஹென்றி ஃபோர்ட் காட்டை அழித்து ஃபோர்ட்லாந்தியா என்று ஒரு ஊரையே கட்டினார். மரங்களை நெருக்கி நட்டதால் இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தோட்டத்தை மொட்டையாக்கிவிட்டது. காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது போலும். 1934இல் பெல்தெர்ராவில் மறுபடி முயன்று, 1945இல் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போனார்கள். ஃபோர்ட் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. ஃபோர்ட்லாந்தியாவுக்குத் தனிப் படகு பிடித்துத் தபஜோஸில் மேலே போக வேண்டும். பெல்தெர்ரா சாந்தாரெமிலிருந்து சாலை வழியே எளிது. நேரம் குறைவென்றால் பெல்தெர்ரா போதும்.

ஓபிதுஸில் ஆறு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். அதனால்தான் போர்த்துகீசியர் 1697இல் இங்கே கோட்டை போட்டார்கள். மேலே போகிற எதையும் இங்கிருந்து தடுக்கலாம். கடலின் ஏற்ற இறக்கம் இவ்வளவு உள்ளே வரை உணரப்படுகிறது என்பதை நினைத்தால் ஆற்றின் சாய்வு எவ்வளவு குறைவு என்று விளங்கும். பக்கத்துத் தூளிப் பாட்டி இறங்கியது இந்த ஊரில்தான்.

பரின்ச்சின்ஸ் அமேசோனாஸ் மாநிலத்தில் வருகிறது, அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். படகுக்காரர் சொல்கிற மணி எந்த மாநிலத்து மணி என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் சிக்கல். ஜூன் கடைசி வார இறுதியில் இங்கே எருது விழா. ஊரே சிவப்பு கரன்ச்சிடோ, நீலக் கப்ரிஷோசோ என்று இரண்டு கட்சி. கோகோ கோலாவே இந்த ஊரில் நீல நிற விளம்பரம் வைக்கிறது என்றால் பாருங்கள். விழா பார்க்க வேண்டுமானால் பல மாதம் முன்பே ஏற்பாடு வேண்டும். பார்க்க விருப்பமில்லையென்றால் அந்த வாரம் இந்தப் பாதையிலேயே போகாதீர்கள், தூளி கட்ட ஒரு சாண் இடம் கிடைக்காது.

மனாவுஸுக்குச் சற்று முன்னால் கறுப்பு ரியோ நெக்ரோவும் பழுப்பு சொலிமோயிஸும் கலக்காமல் ஆறு கிலோமீட்டர் அளவுக்கு அருகருகே ஓடும். வேகமும் வெப்பமும் வேறு வேறு என்பதால். இருட்டில் கடந்துவிட்டால் கவலை வேண்டாம், ஊரிலிருந்து சின்னப் படகில் போய் வரலாம். 1896இல் திறந்த ரப்பர் பணத்து நாடக அரங்கை எல்லோரும் பார்ப்பார்கள். நான் அதைவிட அதிக நேரம் நின்றது துறைமுகச் சுவரில் ஆண்டுவாரியாக வெள்ள மட்டம் எழுதியிருக்கும் இடத்தில். 2021 ஜூனில் 30.02 மீட்டர், 2024 அக்டோபரில் தண்ணீர் 12 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கியது. ஏறக்குறைய 18 மீட்டர் வித்தியாசம். துறை மிதக்கும் மேடையாக இருப்பதன் காரணம் அங்கே நின்றால் தெரியும். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் சில ஊர்களில் படகிலிருந்து கரை வரை சேற்றில் நீண்ட தூரம் நடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

திரும்பும்போது இரண்டு காரியம். பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குள் வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். புறப்படும் முன்பே ஊரில் போட்டுக்கொண்டு அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மற்றது எங்கள் பக்கத்தவர்களுக்கும், கேரளம், மலேசியாவில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும். அந்த இலைக்கருகல் பூஞ்சை இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. அதன் வித்துகள் துணியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியவை. பெல்தெர்ராவில் ஒரு இலையைக்கூட நினைவுக்கென்று பறிக்காதீர்கள். அங்கே உடுத்திய துணிகளை மனாவுஸிலேயே வெந்நீரில் துவைத்துவிட்டு, செருப்பை அங்கேயே எறிந்துவிட்டுப் புதிது வாங்கிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஊர் வந்ததும் சில நாள் தோட்டத்துப் பக்கம் போக வேண்டாம்.